மருந்தெழுதும் கலையும் மலைநாட்டு மக்களும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மேடையிலே வழக்கமாகச் சமயமும் இலக்கியமும் பேசப்படும். இன்று மருந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். அவர்களுக்கு எமது சமாதானம் ஒன்று உண்டு. வள்ளுவப் பெருந்தகை மருந்துக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் கடைசிக் குறளிலே வைத்தியத்துக்கு நான்கு உறுப்புக்களைச் சொல்கிறார்: நோயுற்றவன், தீர்க்கும் வைத்தியன், மருந்து, பக்கத்திலிருந்து அதைக் கொடுப்பவன். இந்த நால்வரையும் இக்காலத்திலே ஒன்றாய்ப் பிணைத்து வைத்திருப்பது ஒரு சிறு கடதாசி. அதை மருந்துச் சீட்டு என்று புத்தகம் சொல்லும்; நம்மூரார் ‘துண்டு’ என்பார்கள். அந்தத் துண்டைப் பிழையறப் பழுதறக் கொடுக்கும் பயிற்சியைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

நாம் இன்னும் மாணவர். வைத்தியம் பார்க்கும் தகுதி எமக்கு இல்லை. எனவே இங்கே எவருடைய நோய்க்கும் மருந்து சொல்லப் போவதில்லை. கூட்டம் முடிந்ததும் முழங்கால் வலிக்கு என்ன குளிசை நல்லது என்று தயவுசெய்து கேட்க வேண்டாம்!

வைத்தியராவதற்கு ஐந்து ஆண்டு படிப்பு. அதன்பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. உடற்கூறு, நோய்க்குறி, சத்திர சிகிச்சை எல்லாம் படித்து வந்த ஒருவருக்கு மருந்து எழுதத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்திலே இதை ஒருமுறை எண்ணியே பார்த்தார்கள். 2009-இல் வெளிவந்த அந்த ஆய்விலே, வடமேற்கு இங்கிலாந்தின் 19 வைத்தியசாலைகளில் எழுதப்பட்ட 124,260 மருந்துக் கட்டளைகள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றுள் 11,077 பிழைகள் அகப்பட்டன. நூற்றுக்கு 8.9 என்ற வீதம். பட்டம் பெற்று முதலாம் ஆண்டிலே வேலை செய்தவர்களிடம் பிழை வீதம் 8.4. ஓராண்டு அனுபவம் கூடிய இரண்டாம் ஆண்டினரிடம் அது குறைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? 10.3 ஆக இருந்தது. பெரிய நிபுணர்களிடமும் 5.9. ஆகவே பட்டத்தோடு முடிந்துவிடும் கல்வி இதுவல்ல. அனுபவம் தானாகவே பிழையைத் தீர்த்துவிடும் என்பதும் பொய். பட்டத்துக்குப் பின்னும் கற்பித்தே ஆகவேண்டிய கலை இது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. எமக்கு அதுவே பெரிதாகப்படுகிறது. அப்பிழைகளுள் ஏறக்குறைய எல்லாமே நோயாளியைச் சென்றடையுமுன் கண்டுபிடித்துத் திருத்தப்பட்டுவிட்டன. மருந்தாளர் பார்த்தார், தாதி பார்த்தார், மூத்த வைத்தியர் பார்த்தார். எழுதிய கை ஒன்று, பார்த்த கண்கள் பல. இந்தச் செய்தியை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் அதனோடு மலைக்கு ஏறப் போகிறோம்.

பிழை என்றால் எப்படிப்பட்ட பிழை? மிஷன் பாடசாலையிலே நாலு கோட்டுக் கொப்பியில் எழுத்துப் பழகிய எமக்கு, வைத்தியர்களின் கையெழுத்தைப் பற்றி நகைச்சுவையாகச் சொல்ல நிறைய உண்டு. ஆனால் சில சங்கதிகள் சிரிப்பதற்குரியன அல்ல. சீனி வியாதிக்கு இன்சுலின் பத்து அலகு எழுதும்போது, அலகு என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்து வாய் கூடிப்போனால் பூச்சியமாகிவிடும். பத்து நூறாகும். அரை மில்லிகிராமுக்குப் புள்ளி ஐந்து என்று எழுதி, புள்ளிக்கு முன் பூச்சியத்தை இடாமல் விட்டால், புள்ளி மங்கிய இடத்தில் அது ஐந்தாகிவிடும். ஆகையால் புள்ளிக்கு முன் பூச்சியம் இட வேண்டும், முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூச்சியமும் இடலாகாது, அலகு என்பதை முழுச் சொல்லாக எழுத வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். கேட்பதற்கு இது பாலர் வகுப்புப் பாடம் போலிருக்கும். உயிர்கள் இதிலே தொங்குகின்றன.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் மெதொட்ரெக்சேட் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரமே அதை விழுங்க வேண்டும். எழுதுபவர் பழக்க தோஷத்தில் ‘நாளொன்றுக்கு’ என்று எழுதினாலோ, கொடுப்பவர் வாயால் சொல்ல மறந்தாலோ, நோயாளி அதைத் தினமும் விழுங்குவார். வாய் புண்ணாகும். எலும்பு மச்சையிலே இரத்தம் உண்டாவது தடைப்படும். மரணமும் நேரும். உலகின் பல நாடுகளில் நேர்ந்திருக்கிறது. மருந்து நல்ல மருந்துதான், நோயையும் சரியாகவே கண்டுபிடித்திருப்பார்கள். ஒரு சொல் மட்டும் தவறிப்போயிருக்கும்.

இரண்டு நல்ல மருந்துகள் ஒரே வயிற்றில் சந்தித்துப் பகைவராவதும் உண்டு. தொய்வுக்குத் தியோபிலின் எடுக்கும் முதியவருக்குச் சளிக்காய்ச்சல் வருகிறது. வேறோர் இடத்தில் சிப்ரோபுளொக்சசினோ எரித்ரோமைசினோ கொடுக்கிறார்கள். இவை தியோபிலின் உடலைவிட்டு நீங்குவதைத் தடுக்கும். இரத்தத்திலே அது கூடிக் கூடி, நெஞ்சு படபடத்து, வலிப்பும் வரலாம். இதைத் தடுக்க வேண்டுமாயின், எழுதுபவர் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “ஐயா, வேறு என்ன மருந்து பாவிக்கிறீர்கள்?” அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். வரிசையில் இன்னும் எண்பது பேர் நிற்கிறார்கள்.

இனி மலைக்கு ஏறுவோம்.

தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளிக்கவென்று இந்நாட்டில் சட்டம் பிறந்தது 1872-இல். 1912-இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டது. மனிதாபிமானம் ஓரளவு, வேலைக்கு ஆள் குறையாதிருக்க வேண்டும் என்ற கணக்கு ஓரளவு. அக்காலத்திலிருந்து தோட்டத்து டிஸ்பென்சரி நம் மக்களின் வாழ்வோடு கலந்துவிட்டது. 1916-இல் ராக்பெல்லர் தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். அப்புழுவுக்கு அந்நாளில் கொடுத்த மருந்துகளுள் கெனபோடியம் எண்ணெய் ஒன்று. புழுவைக் கொல்லும் அளவுக்கும் மனிதனை நஞ்சூட்டும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைந்த மருந்து அது. வயதும் உடலும் பார்த்து அளந்து கொடுக்க வேண்டியதை, நூற்றுக்கணக்கானோருக்கு வரிசையில் நிறுத்தி ஊற்றுவது எத்தகைய பொறுப்பு என்று எண்ணிப் பாருங்கள். பாதுகாப்பாய் மருந்து கொடுப்பது நம் மலைகளுக்குப் புதிய பிரச்சினையல்ல.

1975-இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போயிற்று. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை 1990-களிலிருந்து துண்டு துண்டாக நடக்கிறது. சிலவற்றை ஏற்றார்கள். மற்றவை தோட்ட நிர்வாகத்தோடேயே கிடக்கின்றன. அங்கே இருப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர். சனங்கள் அவரை ‘டாக்டரையா’ என்றே அழைக்கிறார்கள், அவர் கையில் பட்டம் இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. இரவு பன்னிரண்டு மணிக்குப் பிரசவ வலி என்றாலும், மலையில் குளவி கொட்டினாலும், முதலில் கதவைத் தட்டுவது அவருடைய குவார்ட்டர்ஸில்தான். அவரைக் குறைகூற நாம் வரவில்லை. பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வழியே இல்லாத மழைக்கால இரவுகளில் எத்தனையோ உயிரைக் காத்தவர்கள் அவர்கள்.

ஆனால் அவருடைய அறையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நோயைப் பார்ப்பவர் அவர். மருந்தைத் தீர்மானிப்பவர் அவர். அலுமாரியைத் திறந்து குளிசையை எண்ணி உறையில் போட்டு நீட்டுபவரும் பெரும்பாலும் அவரே. அங்கே துண்டே இல்லை! இங்கிலாந்தில் பிழைகளைப் பிடித்த அந்தக் கண்கள், மருந்தாளரின் கண், தாதியின் கண், மூத்தவரின் கண், ஒன்றும் இங்கே இல்லை. வள்ளுவர் சொன்ன நால்வரில் இருவர் ஒரே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். பிழை நேர்ந்தால் தடுக்க இடையில் ஒருவரும் இல்லை. ஆகவே, எங்கே கண்கள் குறைவோ அங்கேதான் பயிற்சி அதிகமாக வேண்டும் என்பது எமது கட்சி. நடப்பதோ நேர்மாறு. பட்டப்பின் மருத்துவ நிறுவனம் கொழும்பிலே 1980-இல் நிறுவப்பட்டது. அங்கே நிபுணர்கள் உருவாகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் ‘பட்டப்பின்’ என்ற சொல்லே நம் டாக்டரையாவை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறதே! பட்டமே இல்லாதவருக்குப் பட்டப்பின் பயிற்சி ஏது?

பிற நாட்டார் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் ஒன்று உண்டு. பிரித்தானியாவில் தாதியரும் மருந்தாளரும், சர்வகலாசாலையில் இதற்கென்றே நடக்கும் பாடநெறியைப் படித்துத் தேறிய பின், 2006 முதல் தாமே மருந்து எழுத உரிமை பெற்றிருக்கிறார்கள். வைத்திய மாணவருக்கும் மருந்தெழுதும் பாதுகாப்பிலே தனிப் பரீட்சை வைக்கிறார்கள். அதாவது, “நீ யார்?” என்று கேட்பதோடு நிற்காமல், “உன் கையில் எழுதுகோல் இருக்கிறதா? அப்படியானால் இதைப் படி” என்கிறார்கள். நாமும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

என்ன படிக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 1994-இல் நல்ல முறையில் மருந்தெழுதுவதற்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. அது ஆறு படிகளைச் சொல்கிறது. நோயாளியின் பிரச்சினை என்னவென்று வரையறு. சிகிச்சையால் எதை அடைய நினைக்கிறாய் என்று தீர்மானி. உனக்குப் பழக்கமான மருந்து இந்த ஆளுக்குப் பொருந்துமா என்று பார். பிறகு எழுது. எழுதியதை விளக்கிச் சொல், எச்சரிக்கை செய். பின்னர் பலனைக் கவனி, வேண்டாதபோது நிறுத்து. எழுதுவது நான்காவது படிதான் என்பதைக் கவனித்தீர்களா? நம்மில் பலர், எடுத்த எடுப்பிலே குளிசை தராத வைத்தியரை வைத்தியராகவே மதிப்பதில்லை. ஊசி போடாவிட்டால் காசு வீண் என்கிறோம். அதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

மூன்றாம் படியையும் ஐந்தாம் படியையும் மாத்திரம் எடுத்துக்கொண்டு, கொழுந்தெடுக்கும் ஒரு தாயின் நாளோடு பொருத்திப் பார்ப்போம். அவர் விடியுமுன் எழுகிறார். அடுப்பு, பிள்ளை, தண்ணீர். பிறகு பெரட்டு, பிறகு மலை. இரத்தசோகை என்று கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். அதை எதோடு விழுங்குவார்? காலையில் குடிக்கும் தேத்தண்ணியோடுதான். தேயிலையில் உள்ள தனின் என்ற சத்து இரும்பைக் கட்டிப் பிடித்து, உடலிலே சேரவிடாமல் தடுத்துவிடும். நாலு மாதம் விழுங்கியும் வெளிறிய முகம் வெளிறியபடியே இருக்கும். குளிசை குற்றமா, தாய் குற்றமா? “தேத்தண்ணிக்கும் இந்தக் குளிசைக்கும் நடுவே ஒன்றிரண்டு மணித்தியாலம் விடம்மா” என்ற ஒரு வசனம் உறையோடு போயிருந்தால் போதும். உலகத்துக்கே தேயிலை கொடுக்கும் கைகளுக்கு இந்த வசனத்தைச் சொல்லாமல் விட்டது பெரும் விந்தை.

இரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ சிறுநீர் பெருக்கும் குளிசை எழுதுகிறார்கள், காலையில் ஒன்று என்று. புத்தகப்படி சரி. மலையிலே மலசலகூடம் எங்கே இருக்கிறது? அந்தத் தாய் என்ன செய்வார் என்று எழுதியவர் யோசித்தாரா? அவர் வேலை நாட்களில் குளிசையை நிறுத்திவிடுவார். வெட்கத்தினால் கிளினிக்கில் சொல்லவும் மாட்டார். அழுத்தம் குறையவில்லை என்று அடுத்த மாதம் மருந்தைக் கூட்டுவார்கள். மூன்று நேர மருந்தும் இப்படித்தான். மத்தியான நேரக் குளிசை லயத்துக் காம்பராவில் கிடக்கும், அவர் மேல்மலையில் நிற்பார். இரண்டு நேரத்தில் அடங்கும் மருந்து இருக்குமாயின் அதைத் தேர்ந்தெடுப்பது தயவு அல்ல, அதுவே சரியான வைத்தியம். கிளினிக் நாளில் ஒரு பேர் போனால் அந்த மாதச் சம்பளத்தில் எவ்வளவு குறையும் என்று தெரிந்தவர்தான், “இரண்டு கிழமையில் திரும்பி வா” என்று எழுதுமுன் யோசிப்பார். இவற்றைக் கற்பிக்கும் பாடநெறி கொழும்பிலோ லண்டனிலோ அச்சாகி வராது. பதுளையிலேதான் எழுதப்பட வேண்டும்.

இப்படியொரு எண்ணம் ஊவாவுக்குப் புதிதல்ல. பிபிலை என்ற ஊரைக் கடந்து நம்மில் பலர் மட்டக்களப்புக்குப் போயிருக்கிறோம். அந்த வெல்லச மண்ணின் பெயரைத் தாங்கிய குடும்பத்திலே வந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1920-இல் பிறந்தவர், கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர், மருந்தியல் பேராசிரியர், பேராதனை வைத்திய பீடத்தின் பீடாதிபதியாக விளங்கியவர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து 1971-இல் மருந்துக் கொள்கை அறிக்கையை எழுதினார். அதன் பயனாகவே அரசாங்க மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் பிறந்தது. அவரே அதன் முதல் தலைவர். நாட்டிலே புழங்கிய சுமார் 2,100 மருந்துகளைச் சலித்து 600 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே மருந்தை இருபது கம்பனி இருபது பெயரில் விற்றால், எழுதுபவரும் மயங்குவார், விழுங்குபவரும் மயங்குவார். பரசிட்டமோல் ஒரு பெயரில் டிஸ்பென்சரியிலும், இன்னொரு பெயரில் டவுன் பாமசியிலும் வாங்கி, இரண்டையும் சேர்த்து விழுங்கி ஈரலைக் கெடுத்துக்கொள்வது இந்த மயக்கத்தினால்தான்.

பிபிலேயை மருந்து விலையைக் குறைத்தவர் என்றே பலரும் நினைவு கூர்கிறார்கள். அது பாதி உண்மை. மருந்தெழுதும் வைத்தியருக்கு ஓயாமல் கற்பிக்க வேண்டும் என்பதிலும் அவர் பிடிவாதமாயிருந்தார். கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி கொண்டுவரும் பளபளப்பான கடதாசியையே வைத்தியர் படித்துக்கொண்டிருந்தால் பட்டியல் சுருங்கிப் பயனில்லை என்பதை உணர்ந்து, பக்கச் சார்பற்ற மருந்துக் குறிப்புக்களை அவர்களுக்குக் கிடைக்கச் செய்தார். பேராதனையில் வைத்தியக் கல்விக்கென்றே தனிப் பிரிவொன்றைத் தொடங்கினார். 1977-இல் கயானா நாட்டிலே காலமானார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. இந்நாட்டிலே 2015-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை ஏற்பட்டபோது, அவர் பெயரே எல்லோர் வாயிலும் இருந்தது. அவர் வழியிலே பட்டியலுக்குச் சட்டம் வந்தது. கற்பித்தல் மாத்திரம் நம் மலையடிவாரத்தோடு நின்றுவிட்டது.

மொழியைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. 1987-இல் தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பிலே எழுதினார்கள். பின்னர் பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகவும் பிரகடனமாயின. வர்த்தமானியில் உள்ள தமிழ் மருந்து உறையில் ஏறவில்லை என்பதை உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்தால் கண்டுகொள்வீர்கள். உறையிலே ஆங்கிலச் சுருக்கம், அல்லது பாட்டிக்கு விளங்காத ஒரு கோடு. ஐந்தாம் படி, விளக்கிச் சொல்லுதல், விளங்கும் மொழியில் அல்லாது வேறெப்படி நடக்கும்? சிங்களம் பேசும் ஒரு தாதி நாலு தமிழ் வசனம் கற்றால் அது மொழிப் போராட்டமல்ல, மருந்துப் பாதுகாப்பு. அவ்வாறு ஆவலோடு கற்ற தாதியர் பலரை நாம் அறிவோம், கைகூப்புகிறோம். 2022-இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வழக்கமான நிறமும் வடிவமும் மாறி வேறு கம்பனிக் குளிசைகள் வந்தன. ‘சிவப்பு காலையில், வெள்ளை இரவில்’ என்று நிறத்தை நம்பியே விழுங்கிய முதியோர் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே இரண்டு காரியங்களை இச்சபையின் முன் வைக்கிறோம். முதலாவது, ஊவா மாகாணச் சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் தோட்டக் கம்பனிகளுக்கும் ஒரு மனு. மாதத்துக்கு அரை நாள், பதுளையிலும் பண்டாரவளையிலுமாக, தோட்ட வைத்திய உதவியாளரையும் தாதியரையும் மருந்தாளரையும் ஒரே மேசையில் அமர்த்தி, அவரவர் கொண்டுவரும் பதிவேட்டையே பாடப் புத்தகமாக வைத்து, நிபுணர் ஒருவர் கலந்து பேச வேண்டும். வருபவருக்கு அன்று சம்பளத்தோடு லீவு, அன்றைய டிஸ்பென்சரிக்குப் பதில் ஆள். பரீட்சை வேண்டாம், தண்டனை வேண்டாம். பிழையைச் சொன்னால் வேலை போகும் என்ற பயம் இருந்தால் எவர் வாய் திறப்பார்?

இரண்டாவது காரியத்துக்கு எவர் உத்தரவும் வேண்டியதில்லை. லயத்திலே இன்று ஒவ்வொரு வீட்டிலும் எழுத வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையாவது உண்டு. தோட்டத்து டிஸ்பென்சரியில் இல்லாத அந்த இரண்டாவது கண் அந்தப் பிள்ளைதான். நமது சங்கத்து இளைஞர் ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாகப் போய், தொடர்ந்து மருந்து பாவிக்கும் முதியோருக்கு ஆளுக்கொரு கொப்பி திறந்து கொடுப்போம். மருந்தின் பெயர், எதற்கு, எத்தனை, எப்போது, எது ஒத்துக்கொள்ளாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவோம். தெரியாததை ஊகித்து எழுத மாட்டோம். டாக்டரையாவிடமோ மருந்தாளரிடமோ கேட்டே எழுதுவோம். கிளினிக்குக்கும் டவுன் டாக்டரிடமும் அந்தக் கொப்பியைக் கொண்டுபோகச் சொல்வோம். மருந்தை மாற்றவோ நிறுத்தவோ நமக்கு அதிகாரமில்லை என்பதை ஒவ்வொரு தொண்டரும் கொப்பியின் முதற்பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கொப்பியின் மாதிரிப் பக்கம் செயலாளர் ஐயாவிடம் இருக்கிறது. ஒரு தோட்டத்துக்கு இரண்டு பேர் தேவை. பசறைக்கும் தெமோதரைக்கும் பெயர்கள் வந்துவிட்டன, மடுல்சீமைப் பக்கத்துக்கு இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. கடைசி பஸ் புறப்படுமுன் பெயரைத் தந்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறோம்.